படையும் நிதியும்: கடலூர் கண்ட இரு உதவிகள்

புயல் எச்சரிக்கை வந்ததும் கடலூருக்குப் பெரும்பாலும் அனுப்பப்படுவோர், அரக்கோணத்தில் நிலைகொண்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள்; ரப்பர் படகும் மரம் அறுக்கும் இயந்திரமுமாக, புயல் கரையைக் கடக்கும் முன்பே வந்து காத்திருப்பதே அவர்களின் பலம். ஒன்றிய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் வழங்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியோ, தண்ணீர் வடிந்து, கிராம நிர்வாக அலுவலர் தோப்புத் தோப்பாகக் கணக்கெடுத்த பிறகே விவசாயியின் கைக்கு வரும். வேகத்தில் படைக்கு ஈடில்லை; ஆயினும் இங்கு நிதியே பெரிது என்பேன். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் பண்ருட்டிப் பக்கம் சாய்த்த பலாமரங்களில் ஒன்றைச் சாலையிலிருந்து அகற்ற ஒரு காலைப்பொழுது போதும். அதற்கு ஈடாக நட்ட கன்று காய்க்க (பலா அவசரப்படாத மரம்) பல ஆண்டுகள் ஆகும்.