அசஸ்மென்ட் புத்தகமா, கேள்வி அட்டையா?

மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை 4. வீட்டுப் பயிற்சிக்குப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் புத்தகக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் அசஸ்மென்ட் புத்தகங்களை (பாடவாரியான பயிற்சிக் கேள்விப் புத்தகங்களை) வாங்குவதா, நாங்களே கேள்வி அட்டை எழுதுவதா என்று யோசித்து, அட்டைக்கே வந்துவிட்டோம்.

செலவைப் பார்த்தால் இரண்டுமே டியூஷனைவிட மலிவு. புத்தகத்தில் கேள்வியும் விடையும் தயாராக இருக்கும், அட்டையை உட்கார்ந்து எழுத வேண்டும். அதெல்லாம் சரி, படித்தது ஒரு வாரம் கழித்து நிற்கிறதா? எனக்கு அதுதான் கேள்வி.

புத்தகத்தில் வெப்பம் என்றால் பக்கம் பக்கமாக வெப்பம்தான். மேலே எழுதிய விடையைக் கொஞ்சம் மாற்றிக் கீழே எழுதினால் போதும், எல்லாவற்றுக்கும் சரி விழும். அடுத்த பாடத்துக்குப் போனபின் பழையது எட்டிப் பார்ப்பதே இல்லை.

அட்டைக்கு ஒரு பிஸ்கட் டின்னில் மூன்று தடுப்பு வைத்தோம். முதல் தடுப்பைத் தினமும், அடுத்ததை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் முதல் தடுப்புக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1970களில் பரப்பிய முறை இது. ‘மரக் கரண்டியைவிட உலோகக் கரண்டி தொட்டால் ஏன் ஜில்லென்று இருக்கிறது?’ என்பது ஓர் அட்டை. “உலோகம்னாலே ஜில்லுனுதான்மா இருக்கும்” என்று அடித்துச் சொன்னாள். அட்டை திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒரு நாள், “ரெண்டும் ஒரே சூடுதான். உலோகம் கைச் சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்குது” என்றாள். அட்டையில் ‘ஏன்’ என்று கேட்டால் அது வெறும் மனப்பாடமாக நின்றுவிடாது.

ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் திரும்பப் படிப்பதா, பார்க்காமல் நினைவுபடுத்துவதா, எது மனதில் நிற்கிறது என்று கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களுக்குச் சுமார் 42 விழுக்காடுதான் நினைவிருந்தது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 56 விழுக்காடு.

வாய்ப்பாட்டுக்கும் அட்டைதான். 7 பெருக்கல் 8 சட்டென்று வந்தால்தான் புரோப்ளம் சம்மில் (கதைக் கணக்கில்) மாடல், அதாவது கணக்கைக் காட்டும் கட்டப்படம், வரைய மனம் ஓடும்.

ஆனால் தினமும் பத்து நிமிடம் ஒருவர் கூட உட்கார வேண்டும். ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு அது சிரமம்தான். தமிழ்க் கட்டுரைக்கு அட்டை சொல் மட்டும்தான் தந்தது, எழுதி எழுதித்தான் கை வந்தது. உயர்நிலைக்கு இது போதுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அசஸ்மென்ட் புத்தகமும் வீட்டில் உண்டு. பல பாடங்கள் முடிந்தபின் அங்கொன்று இங்கொன்றாகக் கேள்வி பொறுக்கித் தருவதற்கு அதைத்தான் எடுக்கிறேன்.