23,500 ரூபாய் போச்சு. கார் மியூசிக் செட்டுக்கு ஆம்ப் மாட்டப் போறவங்க படிச்சிட்டு போங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 23,500 ரூபாய். குன்னூர்ல டூரிஸ்ட் வண்டி ஓட்டறவனுக்கு அது என்ன காசுன்னு இங்க ஓட்டறவங்களுக்கு தெரியும், மழை சீசன்ல ஸ்டாண்டுல வண்டிய போட்டுட்டு டீ குடிச்சிட்டே உக்காந்திருப்போம். கடை பேரு கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, போட மாட்டேன். சீட் கவர், மேட், ஃபாக் லைட், மியூசிக் செட்டு எல்லாம் ஒரே இடத்துல மாட்டிக் குடுக்கற அக்சசரீஸ் கடை, நம்ம மலைலயேதான் இருக்கு, அவ்ளோதான் சொல்லுவேன்.

வண்டில வந்த கம்பெனி செட்டு சுமார்தான். லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்னு காலேஜ் பசங்கள ஏத்திட்டு போனா ஏறுன உடனே ப்ளூடூத் கனெக்ட் பண்ணிட்டு 'அண்ணா சவுண்டே இல்லையே'ன்னு ஆரம்பிச்சிடுவானுங்க. சரி, டோர்ல நல்ல ஸ்பீக்கர், பின்னாடி ஒரு சப்வூஃபர் (தும் தும்னு அடிக்கற பேஸ் சவுண்டுக்கான பெரிய ஸ்பீக்கர்), அதுக்கு ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கற பெட்டி), போட்டுடலாம்னு போனேன்.

அவன் எப்படி பேசுனான்னு சொன்னாதான் உங்களுக்கு புரியும். டீ வரவழைச்சான். 'நீங்க டிஎன் 43 தானேண்ணா, நம்மாளு, வெளியூர் ரேட் உங்களுக்கு போட மாட்டேன்'னான். அப்புறம் டோர் பேட கழட்டினான் பாருங்க, ஸ்க்ரூட்ரைவர் போட்டு நெம்பாம, ஒவ்வொரு கிளிப்பையும் விரலாலயே தள்ளி எடுத்து நான் டீ குடிச்ச டம்ளர்லயே போட்டு எண்ணி வச்சான். 'மத்த கடைல உடைச்சிடுவாங்கண்ணா, அப்புறம் ரோடு பூரா டோர் கடகடன்னு அடிக்கும்'னான். அங்கதான் எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு. கிளிப்ப இவ்ளோ பத்திரமா பாக்கறவன் வயரிங்க எப்படி பண்ணுவான்னு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆம்ப் 9,500, சப்வூஃபர் 6,500, டோர் ஸ்பீக்கர் 4,500, வயரிங் கிட்டு கூலியோட 3,000. மொத்தம் 23,500, ஜிபேல அனுப்பிட்டேன். பில் கேட்டதுக்கு 'ஜிஎஸ்டி தனியா வரும்ணா, நமக்குள்ள எதுக்கு, வாரண்டிக்கு நான் இருக்கேன்ல'ன்னான்.

ஆம்ப் டப்பால பெருசா 3200 வாட்ஸ்னு போட்டிருந்துச்சு. 'இது ஒண்ணு போதும்ணா, கல்யாண மண்டபத்துக்கே கேக்கும்'னான்.

கொஞ்ச நாள்தான் நல்லா பாடுச்சு. பர்லியார் எறக்கத்துல ஒரு ஃபேமிலிய மேட்டுப்பாளையம் இறக்க போய்ட்டிருக்கேன், வலது டோர்ல பாட்டு கரகரன்னுச்சு, அப்புறம் மேல் சத்தமே இல்ல, ட்வீட்டர் (கீச்சு சவுண்டுக்கான குட்டி ஸ்பீக்கர்) போச்சு. கல்லார் தாண்டறதுக்குள்ள ஆம்ப்ல சிவப்பு லைட்டு, ப்ரொடெக்ட்டாம், அதாவது ஏதோ கோளாறுன்னு தன்னை காப்பாத்திக்க அதுவே ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி உக்காந்திருந்த அம்மா 'தம்பி ஏதோ கருகற வாசம் வருது'ன்னாங்க. நான் பிரேக் லைனிங்னு நினைச்சு ஓரம் கட்டி வீலத் தொட்டுப் பாக்கறேன். வீல் இல்ல, சப்வூஃபர்.

அப்புறம் நடந்த கூத்து இருக்கே. முதல்ல 'நாளைக்கு வாங்கண்ணா.' போனா பையன் மட்டும் இருக்கான், 'ஓனர் கோயம்புத்தூர் போயிருக்காரு.' அப்புறம் 'கம்பெனி ஆள் வந்து பாக்கணும்.' அப்புறம் 'சீசன் டைம்ணா, புரிஞ்சிக்கோங்க.' ஒரு வழியா ஆள புடிச்சா, நம்ம குளிருக்கு மிஸ்ட் உள்ள போய் ஈரம் பட்டிருக்குமாம்! இந்த ஊர்லயே கடை வச்சிட்டு எங்கிட்டயே ஊர் குளிர காரணம் சொல்றான். அதுவும் செல்லலன்னதும் ஏத்தத்துல வண்டி இழுக்கறப்ப வோல்டேஜ் குறையும்ன்னான். செகண்ட் கியர்ல இன்ஜின் அலறிட்டு ஏறறப்பதாண்டா ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் குடுக்கும், ஜாம்ல ஐடில்ல நிக்கறப்பதான் குறையும், வண்டி ஓட்டறவன்கிட்ட போய் சொல்றான். கடைசில என்ன சொன்னான் தெரியுமா, 'ஆம்ப் ரொம்ப பவர்ணா, உங்க ஸ்பீக்கர் தாங்கல, இன்னும் 8,000 போட்டு பெரிய ஸ்பீக்கர் மாத்திடுவோம்.' அவன் குடுத்த ஸ்பீக்கர்தானய்யா அது! எரிஞ்ச காயிலுக்கு (ஸ்பீக்கர் உள்ள இருக்கற கம்பிச் சுருள்) வாரண்டி கிடையாதாம். இப்ப வாட்ஸப்ல ப்ளூ டிக் மட்டும் வருது.

கோத்தகிரில என் மச்சான் ஒருத்தர் ஆம்ப் ரிப்பேர் பாக்கறவரு, அவர்கிட்ட எல்லாத்தையும் அள்ளிட்டு போனேன். டப்பாவ பாக்கவே இல்ல அவரு. ஆம்ப திருப்பி ஃபியூஸ பாத்தாரு, ஒரே ஒரு 20 ஆம்பியர். 'மாப்ள, 20 ஆம்பியர் இன்ட்டு 14.4 வோல்ட், 288 வாட்ஸ்தான் உள்ளயே போக முடியும். கிளாஸ் ஏபி ஆம்ப், பாதிக்கு மேல கொஞ்சம்தான் சவுண்டா வரும், மிச்சம் சூடு. நாலு சேனலும், அதாவது ஸ்பீக்கருக்கு போற நாலு அவுட்புட்டும், சேத்து 170 வந்தா பெருசு. 3200 எங்கருந்து வரும்?' அந்த 3200 ஒரு நொடி பீக்குன்னு அவனுங்களே எழுதிக்கறது. நமக்கு வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து ஓடறப்ப தாங்கற பவர். டோர் ஸ்பீக்கர் டப்பாலயும் 260 வாட்ஸ்னு பெருசா இருக்கு, உள்ள இருந்த பேப்பர்ல பொடி எழுத்துல ஆர்எம்எஸ் 45. சப்வூஃபர் ஆர்எம்எஸ் 250. அத இந்த ஆம்ப் எப்படி ஓட்டும்?

அதுக்கும் மேல ஒரு வேலை பண்ணியிருக்கான். சப்வூஃபர்ல ரெண்டு காயில், தலா 4 ஓம்ஸ் (கரண்டுக்கு குடுக்கற தடை, இது கொறைய கொறைய ஆம்ப் ஜாஸ்தி கரண்ட் தள்ளணும்). ரெண்டையும் பேரலல்ல சேத்து 2 ஓம்ஸ் ஆக்கி, ஆம்போட ரெண்டு சேனல பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒண்ணா சேத்து, குடுத்திருக்கான். ஆம்ப் அடியிலயே ஸ்டிக்கர்ல இருக்கு, பிரிட்ஜ் பண்ணா கொறஞ்சது 4 ஓம்ஸ்னு. 2 ஓம்ஸ் குடுத்தா ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம்தான் தெரியுமாம், சூடாகாம என்ன பண்ணும். சவுண்ட் பத்தலன்னு கெயின கடைசி வரைக்கும் திருகி விட்டிருக்கான். கெயின் வால்யூம் இல்லைங்க, ஸ்டீரியோல இருந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப செட் பண்றது. சக்திக்கு மேல திருகுனா அலையோட உச்சிய கத்தரிச்சு தட்டையா அனுப்புமாம், கிளிப்பிங்ன்றாங்க, அந்த சூடுல முதல்ல சாகறது ட்வீட்டர். அதனால ட்வீட்டர் ஆம்ப் பவர் ஜாஸ்தியாகி எரியல, பத்தாத ஆம்ப கதற விட்டதால எரிஞ்சிருக்கு. கடைக்காரன் சொன்னதுக்கு நேர் தலைகீழ்.

சப்வூஃபர் கோன பிளேடு போட்டு அறுத்து காயில வெளிய எடுத்துக் காட்டினாரு. செம்பு கலரே இல்ல, கன்னங்கரேல்னு, வார்னிஷ் கொப்புளம் கொப்புளமா, கம்பி கழண்டு நூல் மாதிரி தொங்குது. விரல்ல ஒட்டுன கரி சோப்பு போட்டும் போகல.

அது கூட பரவால்ல. பேட்டரில இருந்து வந்த பவர் வயர், மேல சிவப்பு ரப்பர் கட்டைவிரல் தடிமன். சுரண்டிப் பாத்தா உள்ள வெள்ளையா அலுமினியம், மேல செம்பு முலாம், அதுவும் கொஞ்சூண்டு இழை. பேட்டரி பக்கத்துல ஃபியூஸே இல்ல. பானட்ல இருந்து உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் வாஷர் கூட போடாம தகரத்துலயே உரசிட்டு இருக்கு, ரப்பர் பாதி தேஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் தேஞ்சு ஷார்ட் ஆகியிருந்தா பின்னாடி குழந்தைங்கள வச்சிட்டு கொண்டை ஊசி வளைவுல வண்டி பத்தியிருக்கும். 23,500 குடுத்து இத வாங்கியிருக்கேன். கிளிப்ப எண்ணி வச்சானாம்!

என்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், ட்ரிப் வந்திருச்சு. அவசரமா சொல்றேன். வாட்ஸ்னு எவன் சொன்னாலும் 'ஆர்எம்எஸ் எவ்ளோ, எத்தன ஓம்ஸ்ல'ன்னு கேளுங்க, ஸ்பீக்கர் ஆர்எம்எஸும் ஆம்ப் ஒரு சேனல் ஆர்எம்எஸும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ஆம்ப் கொஞ்சம் கூட இருந்தா தப்பில்ல. ஆம்ப் ஃபியூஸ பாருங்க, கணக்கு அங்கயே தெரிஞ்சிடும். கெயின மீட்டர் வச்சு செட் பண்ண சொல்லுங்க, 45 வாட்ஸ் 4 ஓம்ஸ்னா ஆம்ப் அவுட்புட் 13.4 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. பேட்டரில இருந்து ஒரு முழத்துக்குள்ள ஃபியூஸ் இல்லன்னா வண்டிய வெளிய எடுக்காதீங்க. பில்லு கண்டிப்பா வாங்குங்க.

நான் 1915-க்கு (நுகர்வோர் ஹெல்ப்லைன்) போன் பண்ணி கம்ப்ளைன்ட் பதிஞ்சிருக்கேன், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அவன் அனுப்புன வாய்ஸ் மெசேஜும் பத்திரமா இருக்கு. இதே கடைல செட்டு மாட்டி இதே மாதிரி எரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சேந்து ஊட்டி கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாம்.