பரிசா, வாசித்துக் காட்டுவதா, திறந்த அலமாரியா?

பிள்ளைகளை வாசிக்க வைக்க எங்கள் மார்த்தாண்டம் பக்கம் மூன்று வழிகளைப் பார்க்கிறேன்: பரிசு கொடுப்பது, ஆசிரியரே வாசித்துக் காட்டுவது, பிடித்ததை எடுத்துக்கொள்ள விடுவது.

பரிசுத் திட்டம் நடத்த லேசு. மாதம் இத்தனை புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கச் சுருக்கம், அதிகம் படித்தவருக்குச் சான்றிதழும் டிபன் பாக்ஸும். நோட்டு நிரம்பத்தான் செய்யும். புரட்டினால், பின்அட்டை வரிகள் அச்சுப்பிழையோடு அப்படியே இருக்கும். எடுப்பதும் ஒல்லிப் புத்தகமாகத்தான். எண்ணிக்கைக்குத்தானே பரிசு! 1973-ல் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் பரிசு ஆர்வத்தை என்ன செய்கிறது என்று அமெரிக்க மழலையர் பள்ளியில் படம் வரைவதை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்த பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் கொடுத்தபோது அந்தச் சிக்கல் இல்லை.

வாசித்துக் காட்டுவதற்குச் செலவே இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் போதும். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் சூட்சுமம். கதையில் யாரோ கதவைத் தட்ட வேண்டும், யாரென்று தெரியுமுன் மணி அடித்துவிட வேண்டும். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், யாராவது புரட்டுவார்கள். சின்ன வகுப்புக்குத் தேரூர்க் கவிமணியின் குழந்தைப் பாடல்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முகமது மீரானின் கதைகள். வீட்டுப் பேச்சு அச்சில் வந்திருப்பதே அவர்களுக்கு அதிசயம். களியக்காவிளை பக்கம் வீட்டில் மலையாளம் பேசி, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. பரிசுப் போட்டியில் அவர்கள் கடைசி பெஞ்சுதான். கதை கேட்பதில் எல்லாரும் சமம். ஆனால் வாசித்து முடித்ததும் கேள்வி கேட்டால் போச்சு, அதுவும் பாடமாகிவிடும்.

மூன்றாவது வழிக்கு அரசே கை கொடுக்கிறது. வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வருகின்றன, தேன்சிட்டு இதழும் இருக்கிறது. சில பள்ளிகளில் அலமாரிச் சாவிதான் வெளியே வருவதில்லை, புத்தகம் கிழிந்துவிடுமாம். கிழியட்டுமே! இன்னொன்று, ஏற்கெனவே ருசி கண்ட பிள்ளைகள்தான் அலமாரியைத் தேடி வருவார்கள்.

என்னைக் கேட்டால், ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை வாசித்துக் காட்டலாம். லீவு முடிந்து வந்ததும் அலமாரியைத் திறந்துவிடலாம். டிபன் பாக்ஸ் காசுக்கு இன்னும் நாலு கதைப் புத்தகம் வாங்கிப் போடலாம்.