பதிவு செய்ய இலவசம், வெளியே எடுக்கக் காசு

ஸ்கிரீன் ரெக்கார்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் டவுன்லோடு பட்டனைத் தட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். எக்செலில் இருப்புநிலைக் குறிப்பு போடுவதை வீடியோவாக்கி வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் தேவை. 'முற்றிலும் இலவசம், நேர வரம்பு இல்லை' என்று ஒரு மென்பொருள் விளம்பரத்தில் வந்தது.

அது பொய்யில்லை. பதிவு செய்வது இலவசம்தான். ஆனால் பதிவெல்லாம் அதற்கே உரிய ஒரு ஃபார்மட்டில் சேமிக்கப்படுகிறது. விஎல்சி பிளேயரில் திறக்காது, வேறு எடிட்டரிலும் ஏறாது. எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் கொடுத்தால் பொறுப்புகள் பத்தியின் மேலேயே அவர்கள் பெயர் கொட்டை எழுத்தில் வந்து உட்காருகிறது. தொகை தெரியாத கணக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பாடமோ எடுத்து முடித்தாயிற்று, பரீட்சையும் நெருங்குகிறது. அந்தப் பெயர் இல்லாமல் எடுக்கக் காசு கட்ட வேண்டுமாம். சரி, ஒரு மாதத்துக்குக் கட்டிவிடலாம் என்று போனால், மாதக் கட்டணத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டு ஒரு வருடத் தொகையை மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள். 'ஆண்டுக்கொருமுறை வசூலிக்கப்படும்' என்ற வரி வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். எக்ஸ்போர்ட் செய்துவிட்டதால் சேவையைப் பயன்படுத்தியதாகக் கணக்காம். எக்ஸ்போர்ட் செய்யத்தானே ஐயா காசே கட்டினேன்!

மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே (தானாகவே பணம் பிடிக்க நாம் கொடுத்த அனுமதி) பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள், அடுத்த வருடத் தொகை யூபிஐ பின் கேட்காமலே போய்விடலாம்.

இப்போது ஓபிஎஸ் ஸ்டுடியோவுக்கு மாறிவிட்டேன். ஓப்பன் சோர்ஸ், காசும் இல்லை, வாட்டர்மார்க்கும் இல்லை. முதல் நாள் அதன் திரையைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்டும், அப்புறம் பழகிவிடும். எம்கேவி ஃபார்மட்டில் பதிவு செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் பெரும்பாலும் ஃபைலே திறக்காது. எம்கேவியை எம்பி4 ஆக மாற்றும் வசதி ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே உண்டு. வெட்டி ஒட்ட ஷாட்கட் என்ற எடிட்டர் போதும். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பும் அருமைதான், ஆனால் என் பழைய லேப்டாப் அதைத் தாங்கவில்லை. எதையும் அதனதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஓபிஎஸ் பெயரிலேயே வைரஸ் கலந்த போலி விளம்பரங்கள் கூகுள் தேடலில் வந்ததுண்டு.

இப்படிச் சந்தாவில் சிக்க வைப்பதை மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. அதைக் காட்டி நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது, பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.