ஆக்சஸை சர்வரோடு இணைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் ஓடும் கணக்கை, பலர் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால், முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குச் செய்துகொடுத்த நிறுவனம் பாதி வேலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஃபைல் 2 ஜிபியை நெருங்கிவிட்டது. ஆக்சஸ் ஃபைல் அதற்கு மேல் வளராது. டேட்டா சர்வருக்குப் போகட்டும், பழகிய ஃபார்ம்களும் ரிப்போர்ட்டுகளும் ஆக்சஸிலேயே இருக்கட்டும் என்ற யோசனை நல்ல யோசனைதான். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அவர்கள் செய்தது, டேபிள்களை அப்படியே சர்வரில் ஏற்றி ஓடிபிசி (ஆக்சஸையும் சர்வரையும் இணைக்கும் டிரைவர்) வழியாக லிங்க் கொடுத்தது மட்டும். அவர்கள் லேப்டாப்பில், கொஞ்சம் டேட்டாவோடு காட்டிய டெமோ பிரமாதமாக ஓடியது.

எங்கள் ஆபீஸில் ஓடவில்லை. ஆர்டர் ஃபார்மில் ஒரு வரியைத் திருத்தி சேவ் செய்தால், இதை வேறொருவர் மாற்றிவிட்டார் என்று 'ரைட் கான்ஃப்ளிக்ட்' வந்து நிற்கும். அப்போது அந்த ஃபார்மில் இருந்ததே ஒருவர்தான். போன் செய்தால் "உங்க நெட்வொர்க் ஸ்லோ சார்" என்றார்கள். நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக்சஸின் ஆம்/இல்லை கட்டம் சர்வரில் 0 அல்லது 1 வைக்கும் 'பிட்' ஆக மாறுகிறது. அதற்கு டீஃபால்ட், அதாவது எதுவும் கொடுக்காதபோது தானாக விழும் மதிப்பு, வைக்காமல் விட்டால் மதிப்பே இல்லாமல் 'நல்' என்று நிற்கும். ஆக்சஸ் அதை 0 என்று எடுத்துக்கொண்டு, சேவ் செய்யும்போது சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகவில்லை என்று மறுக்கிறது. பிறகு வேறொருவரைக் கூப்பிட்டோம். பழைய நல்களை 0 ஆக்கி, டீஃபால்ட் 0 கொடுத்து, டேபிளில் ஒரு ரோவெர்ஷன் நெடுவரிசை (வரி மாறும்போதெல்லாம் தானாக மாறும் எண்) சேர்த்தார். பிரச்சினை தீர்ந்தது. சில டேபிள்களுக்கு, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயே வைக்காமல் விட்டிருந்தார்கள். அவற்றில் பார்க்கத்தான் முடிந்தது, திருத்த முடியவில்லை.

இதெல்லாம் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்ததை விட முடியாது. எல்லா கம்ப்யூட்டரும் சர்வரின் தலைமை லாகினான 'எஸ்ஏ'விலேயே இணைக்கப்பட்டிருந்தது, 'சேவ் பாஸ்வேர்டு' டிக்கோடு. அப்படிச் சேமித்த பாஸ்வேர்டு ஆக்சஸின் மறைந்திருக்கும் சிஸ்டம் டேபிளில் யாரும் படிக்கும்படி பச்சையாகக் கிடக்கும். ஃபைலை பென்டிரைவில் எடுத்துப் போகிறவர் கையில் சர்வரின் சாவியும் போகிறது! அந்த லாகினை மாற்றியபோது எல்லா மெஷினிலும் மறுபடி லிங்க் கொடுக்க வேண்டியிருந்தது.

பேக்கப் தானாக எடுக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். போட்டுக்கொடுத்தது எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'ஏஜென்ட்' அதில் கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நாமே அமைக்கலாம். அதையும் யாரும் செய்யவில்லை. ஒரு பேக்கப்கூட இல்லை.

கையெழுத்துப் போடும் முன் உங்கள் மெஷினில், உங்கள் முழு டேட்டாவோடு, இரண்டு பேரை ஒரே நேரத்தில் வேலை செய்யவிட்டுப் பாருங்கள். ஆபீஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பாருங்கள், ஓடிபிசி டிரைவரும் அதே பிட்டில் இருக்க வேண்டும். எந்த லாகினில் இணைக்கிறார்கள் என்று கேளுங்கள். பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.