டோக்கியோவை உயரத்திலிருந்து பார்க்க காசில்லாத மாடியே போதுங்க

திருப்பூரிலிருந்து பனியன் ஆர்டர் விஷயமாக டோக்கியோ போகிறவர்கள், ஒரு சாயங்காலம் மிச்சமிருந்தால் நேராக ஷின்ஜுகுவில் இருக்கும் பெருநகர அரசுக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். 45-வது மாடி, 202 மீட்டர் உயரம், டிக்கெட் கிடையாது, பையைச் சோதித்துவிட்டு லிஃப்டில் ஏற்றி விடுகிறார்கள், அவ்வளவுதான். நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் மொட்டை மாடிக்கு இப்படி யாராவது விடுவார்களா?

மருதமலை மேலிருந்து கோவையைப் பார்த்தால் ஊர் ஒரு இடத்தில் முடிந்து தோட்டமும் மலையும் ஆரம்பித்துவிடும். இங்கே கண்ணுக்கு எட்டின மட்டும் கட்டடம்தான். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஃபூஜி மலை தெரியும், கோடையில் மூட்டம் போட்டுவிட்டால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அப்புறம், கண்ணாடி போட்ட எந்தத் தளமானாலும் இருட்டின பிறகு உள்விளக்கு அதில் பட்டு போட்டோவைக் கெடுக்கும், போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள்.

டோக்கியோவின் 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தில் 350, 450 மீட்டரில் இரண்டு பார்வைத் தளங்கள், இரண்டுக்கும் காசு. என்னைக் கேட்டால் அத்தனை உயரம் தேவையில்லை, தெருவும் ஆளும் தெரியாமல் வரைபடம் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

காசு கொடுத்துத்தான் ஏறுவேன் என்றால் ஷிபுயா ஸ்கை. 229 மீட்டரில் திறந்த மொட்டை மாடி, காற்று சும்மா பிய்க்கும், அதனால் பை, தொப்பி எல்லாம் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சூரியன் மறையும் நேரத்து டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊரிலிருந்து கிளம்பும் முன்னாடியே எடுத்துவிடுங்க.