ரூ.2,36,000 கொடுத்து ஒரு பச்சை டிக் வாங்கினேன்: க்ளவுட்டுக்கு மாறப்போகிற சின்னக் கம்பெனிக்காரர்கள் கவனத்துக்கு

க்ளவுட்டில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில், வைத்திருந்த எங்கள் டேட்டா மொத்தமும் போய் ஆறு நாள் ஆகிறது. இன்னும் ஒழுங்காகத் தூங்கவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நிறுவனத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் ரூ.2,36,000. ஒரே தவணையில், வங்கி வழியாக, சிரித்த முகத்தோடு கட்டினேன். என்னென்ன பார்த்து ஏமாறாமல் இருக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் மூன்று பேர் மட்டும் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கடை எங்களுடையது. மெடிக்கல், ஹார்டுவேர், பேக்கரி என்று 43 கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்திருக்கிறோம். வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், அந்தப் பக்கம் கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வரை. கடைக்கு வருடம் 9,000 ரூபாய் சந்தா. கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் கட்டியது இருபத்தாறு கடைகளின் முழு வருடச் சந்தா.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரை ஏறியது. ஏறியதா, இல்லை அங்கேயே உட்கார்ந்துவிட்டதா என்று தெரியாதபடி நகராமல் நின்று, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அலுவலகம் தரைத்தளம். சர்வர் பெட்டியை இரண்டு செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்திருந்தோம். தண்ணீர் ஐந்து செங்கல் உயரத்துக்கு வந்தது.

அப்போது தப்பித்தோம். எங்களிடம் வேலை பார்க்கும் பெண், புயல் சேதி கேட்டதும் எல்லா டேட்டாவையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. நாலாயிரம் ரூபாய் டிஸ்க். அதை வைத்து நான்கே நாளில் 43 கடைகளையும் ஓடவைத்தோம். இந்த டிஸ்க்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் க்ளவுட் ஆசை வந்தது. நேரடியாகப் பெரிய க்ளவுட் கம்பெனியில் கணக்குத் தொடங்கியிருக்கலாம். நான் புரோகிராம் எழுதுகிறவன்தான், ஆனால் நெட்வொர்க், அனுமதி, பேக்கப் என்று அது தனி வேலை. அதனால் க்ளவுட்டில் நமக்காக எல்லாம் அமைத்து, பராமரித்து, ஆட்டோமேஷனும் செய்து தருகிற உள்ளூர் நிறுவனம் ஒன்றைப் பிடித்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். எல்லா ஊரிலும் இந்த மாதிரி இரண்டு மூன்று இருக்கின்றன, தெரிந்துகொள்வீர்கள்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதுதான், நல்ல பேச்சு. டீ குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். வெள்ளம் வடிந்தபின் சுண்ணாம்பில் பழுப்பாக ஒரு கோடு நின்றிருந்தது, இப்போதும் இருக்கிறது. எழுந்து போய் அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "அண்ணே, இனிமே எந்தத் தண்ணியும் உங்க டேட்டாவத் தொட முடியாது. மும்பைல இருக்கும். ஒரு டேட்டா சென்டர் போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். எல்லாம் ஸ்கிரிப்ட்டு, மனுசன் கையே படாது." மனிதன் கை படாது என்பதை அப்போது நான் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன்.

மேசையில் கிடந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்து, "இத மியூசியத்துக்குக் குடுத்துடுங்கண்ணே" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து கணக்குத் தொடங்கினார். முதல் திரையிலேயே மின்னஞ்சல் கேட்டது. என்னுடையதைச் சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்கு எதுக்குண்ணே ஓடிபி தொல்லை, அலர்ட் வந்துகிட்டே இருக்கும், நாங்க பாத்துக்கறோம்" என்று தங்கள் கம்பெனி மின்னஞ்சலைத் தட்டினார். நானும் சரி என்று தலையாட்டினேன். வீடு வாங்கும்போது பத்திரத்தை இன்னொருத்தர் பேரில் பதியச் சொன்னால் சும்மா இருப்போமா? அந்த மின்னஞ்சல்தான் பத்திரம். ரூட் அக்கவுண்ட் என்பார்கள். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். பணம் கட்டுகிறவர் வாடகைக்காரர்கூட இல்லை, விருந்தாளி.

பதினோரு மாதம் நன்றாகத்தான் ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். தினமும் காலை 7 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "நேற்றைய பேக்கப் வெற்றி", பக்கத்தில் ஒரு பச்சை டிக். ஐப்பசி மழை கொட்டினபோது கூட நிம்மதியாகத் தூங்கினேன். ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கும் பழக்கம் போயே போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கும் அந்தப் பச்சை டிக் வந்தது.

8.40க்கு வில்லியனூர் மெடிக்கலிலிருந்து போன், பில் போட முடியவில்லை என்று. 9 மணிக்குள் பதினேழு போன். எங்கள் அலுவலகத்திலிருந்து திறந்து பார்த்தால் சர்வரே இல்லை. மெதுவாக ஓடுகிறது, நின்றுவிட்டது என்றெல்லாம் இல்லை. அப்படி ஒரு முகவரியே கிடையாது என்கிறது.

9.20க்கு அவர்களைப் பிடித்தேன். "மெயின்டனன்ஸ்ணே, அரை மணி நேரம்." மதியம் கேட்டால், "டிக்கெட் போட்டீங்களா சார்?" போட்டேன். ஆறு இலக்கப் புகார் எண் ஒன்று வந்தது. சாயங்காலம், "மும்பை பக்கமே ஏதோ பிரச்சினை போல சார்" என்றார்கள். க்ளவுட் கம்பெனிகள் எந்தச் சேவை எங்கே தடைப்பட்டிருக்கிறது என்று பொதுவில் ஒரு பக்கம் வைத்திருப்பார்கள். திறந்து பார்த்தேன், மும்பையில் எல்லாம் சரியாக இருந்தது. புதன்கிழமை போனை எடுக்கவில்லை. வியாழன் நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றது. இரண்டு மணி நேரம் "உங்கள் வளர்ச்சியே எங்கள் வளர்ச்சி" என்ற சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணம் கட்டும்வரை அண்ணன், டிக்கெட் போட்டபோது சார். வெள்ளிக்கிழமை வந்த மெயிலில் "அன்புள்ள வாடிக்கையாளர்" ஆகிவிட்டேன்.

அந்த மெயிலின் சாரம் இதுதான்: ஒப்பந்தத்தின் 14வது பிரிவுப்படி டேட்டா வாடிக்கையாளரின் பொறுப்பு, க்ளவுட்டில் பொறுப்பு பகிரப்பட்டது, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த வருடக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி.

தள்ளுபடியாம்!

பகிரப்பட்ட பொறுப்பு என்பது இவர்கள் கண்டுபிடித்த சொல் இல்லை. பெரிய க்ளவுட் கம்பெனிகள் எல்லாமே அப்படித்தான் கோடு கிழிக்கின்றன. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், இயந்திரங்கள் அவர்கள் பாடு. அதற்குள் நாம் வைக்கும் டேட்டா, யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் நம் பாடு. நியாயமான கோடுதான். ஆனால் அந்த நம் பாட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே நடுவில் இவர்களை வைத்து ரூ.2,36,000 கொடுத்தேன்?

உண்மையில் என்ன நடந்தது என்பது அங்கே வேலை பார்க்கிற ஒரு பையன் மனசு கேட்காமல் சொல்லித்தான் தெரிந்தது. அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது, அதனால் இதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் இல்லை. க்ளவுட் சர்வர்களைக் கையால் ஒவ்வொன்றாக உருவாக்குவதற்குப் பதில், என்னென்ன வேண்டும் என்று கோப்பில் எழுதிவைத்து ஒரே கட்டளையில் எழுப்பும் டெரஃபார்ம் என்ற கருவி இருக்கிறது. நல்ல கருவி, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். எழுப்புகிற மாதிரியே டெஸ்ட்ராய் என்ற ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் இடிக்கவும் செய்யும். இடிப்பதற்கு முன் எத்தனை பொருள் போகும் என்று பட்டியல் காட்டி, "யெஸ்" என்று முழுதாகத் தட்டினால்தான் நகரும். அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று சொல்லவும் ஒரு வழி உண்டு.

இவர்கள் திங்கட்கிழமை ஒரு புது ஆட்டோமேஷனை ஓடவிட்டிருக்கிறார்கள். சோதனைக்காக எழுப்பிய சர்வர்களையெல்லாம் ராத்திரியில் தானாக இடித்து செலவைக் குறைப்பது அதன் வேலை. கேள்வி கேட்காதே என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். எங்கள் சர்வர் மேல் "டெஸ்ட்" என்ற அடையாளம் ஒட்டியிருந்தது. தை மாதம் மாதிரிக் கோப்பை நகலெடுத்து எங்களுக்கு அமைத்தவர் அந்த ஒரு வார்த்தையை மாற்றவே இல்லை. பதினோரு மாதமாக 43 கடைகளின் வியாபாரம் டெஸ்ட் என்ற சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ராத்திரி அந்தக் கருவி எழுதிவைத்த பதிவை, அதாவது லாகை, அந்தப் பையன் படமெடுத்து அனுப்பினான். "0 சேர்க்க, 0 மாற்ற, 37 இடிக்க." நேரம் அதிகாலை 2.10.

சரி, பேக்கப்? நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். க்ளவுட் டேட்டாபேஸ் சேவை தானாக எடுக்கும் தினசரி பேக்கப் அந்த டேட்டாபேஸோடு ஒட்டிப் பிறந்தது. தனியாக வைத்துக்கொள் என்று சொல்லாவிட்டால், டேட்டாபேஸை அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போகும். நாமாகத் தனியே எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட் என்ற நகல்தான் தங்கும். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கவும் வசதி உண்டு, அதைத் தவிர்க்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள். அழிக்கவே விடாத பூட்டு ஒன்றும் உண்டு, அது திறந்தே கிடந்தது. அந்தப் பச்சை டிக்? பேக்கப் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியது அல்ல. தினமும் 7 மணிக்கு ஒரு வரியை அனுப்பு என்று எழுதிய தனி ஸ்கிரிப்ட். டேட்டாபேஸ் செத்து ஐந்து மணி நேரம் கழித்தும் அது பாட்டுக்கு டிக் போட்டிருக்கிறது. இன்று காலையும் போட்டது. நான் இன்னும் பிளாக் செய்யவில்லை, ஆதாரம்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் ஓவிஹெச் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். அப்போது "யாராவது நகலை அதே இடத்தில் வைப்பானா" என்று கிண்டல் செய்தவன் நான்.

க்ளவுட் கம்பெனிக்கே நேரடியாக எழுதினேன். மரியாதையான பதில் வந்தது: கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேச முடியும். என் மின்னஞ்சல் அவர்களிடம் இல்லையே.

இப்போது கையில் இருப்பது அந்த நாலாயிரம் ரூபாய் டிஸ்க், அதில் தை மாதம் வரைக்குமான டேட்டா. கடைக்காரர்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்குப் படிவத்தை வைத்து, ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரிகளுக்குப் போட்ட பில்களை எடுத்துவிடலாம். சில்லறை விற்பனை அதில் மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். யார் எவ்வளவு கடன் பாக்கி என்பது அதில் எங்கே இருக்கும்? மஞ்சக்குப்பம் ஹார்டுவேர் கடைப் பெரியவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்துதான் போனேன். அவர் திட்டவில்லை. "தானே புயல்ல என் கணக்கு நோட்டு மொத்தமும் நனைஞ்சுபோச்சு தம்பி. மொட்ட மாடில கல்லு வச்சு, பக்கம் பக்கமா காயப்போட்டேன். மை பரவினாலும் படிக்க முடிஞ்சுது. இப்ப நீ எதக் காயப்போடுவ?" என்றார். 2011ல் நடந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன.

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதே யோசனை.

வக்கீல் நோட்டீஸ் போகிறது. நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்தேன். தொழிலுக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், சுயதொழில் பிழைப்புக்கு என்றால் சட்டத்தில் இடம் உண்டு, பார்ப்போம் என்கிறார் வக்கீல். ரூ.2,36,000 திரும்பி வந்தாலும் 43 கடைகளின் பதினோரு மாதம் வரப்போவதில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ரூட் அக்கவுண்ட் உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் நம்பரில்தான் இருக்க வேண்டும், பராமரிக்கிறவர்களுக்கு உள்ளே தனிப் பயனர் கொடுங்கள், ஓடிபி தொல்லை இருந்துவிட்டுப் போகட்டும். டேட்டாபேஸில் அழிப்புப் பூட்டு போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நகல் ஒன்று வேறு கணக்கில், ஒன்று உங்கள் கையில். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து நீங்களே எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய பில் தெரிகிறதா என்று பாருங்கள். டிக்கை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் டேட்டா போனால் யார் பொறுப்பு என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள், நான் 14வது பிரிவை வெள்ளிக்கிழமைதான் முதன்முதலில் படித்தேன்.

பாகூர் பேக்கரியிலிருந்து போன் வருகிறது. எடுக்க வேண்டும்.